மண்டை எலும்பைத் திரும்ப வைக்கக் காப்பீட்டு அட்டை: காத்திருக்கும் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டியவை

விபத்தில் அடிபட்டு மூளை வீங்கினால், அழுத்தம் குறைய மண்டையோட்டில் ஒரு பக்க எலும்பை எடுத்துவிடுவார்கள். வீக்கம் வடிந்தபின் அந்த இடத்தை மூட இரண்டாவது ஆபரேஷன், அதாவது கிரேனியோபிளாஸ்டி, வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். முதல் ஆபரேஷனுக்கு யாரும் காசு கேட்கவில்லை, இதற்கும் கேட்க மாட்டார்கள் என்று இருந்துவிடுகிறார்கள்.

அன்று காசு கேட்காததற்குக் காரணம், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்காக 2021 டிசம்பரில் வந்த தமிழக அரசுத் திட்டம், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48'. அட்டையும் பார்க்காது, வருமானமும் பார்க்காது. ஆனால் முதல் 48 மணி நேரத்தோடு சரி. மூன்று மாதம் கழித்து வைக்கும் எலும்புக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைதான் வழி. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

எப்போது வைப்பது என்பதைத் திட்டம் சொல்லாது, தலைதான் சொல்லும். வீக்கம் வடிந்து, தையல் நன்றாக ஆறி, உடம்பில் எங்கும் சீழோ காய்ச்சலோ இல்லாவிட்டால் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் பல டாக்டர்கள் வைத்துவிடுவார்கள். புண் சீழ் பிடித்திருந்தால் ஆறு மாதம், அதற்கு மேலும் ஆகலாம். காரணம் எதுவும் சொல்லாமல் "அடுத்த மாசம் வாங்க" என்று ஓ.பி. சீட்டில் தேதி மட்டும் மாறிக்கொண்டே வந்தால், எதற்காகத் தள்ளுகிறார்கள் என்று கேளுங்கள். வீக்கமா, புண்ணா, தலைக்குள் நீர் கோத்திருக்கிறதா, இல்லை ஆபரேஷன் தியேட்டர் தேதி கிடைக்கவில்லையா? கடைசிக் காரணம் என்றால் விடாமல் கேட்க வேண்டும். உட்கார்ந்தால் தலைவலி, கிறுகிறுப்பு, கை கால் தளர்ச்சி, படுத்தால் குறைகிறது, எலும்பு எடுத்த இடம் குழிந்து கிடக்கிறது என்றால் ஓ.பி. தேதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே கூட்டிப்போங்கள்.

டிஸ்சார்ஜ் அன்றே ஒன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: எடுத்த எலும்பு எங்கே இருக்கிறது? வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்திருந்தால் வலது பக்கமா இடது பக்கமா என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்க வேண்டும். அப்படி வைத்த எலும்பு நாள் ஆக ஆகக் கரையும், வருஷக்கணக்கில் போட்டுவைப்பது நல்லதல்ல. ஆஸ்பத்திரி ஃப்ரீசரில் இருக்கிறது என்றால், இரண்டாவது ஆபரேஷனை வேறு ஆஸ்பத்திரியில் செய்யும்போது அந்த எலும்பு கைக்கு வருவது சிரமம். டைட்டானியம் வலை, எலும்பு சிமென்ட் என்று போக வேண்டிவரும். சொந்த எலும்பு வைப்பதும் வெளிப்பொருள் வைப்பதும் காப்பீட்டில் தனித்தனித் தொகுப்பு. எதற்கு அனுமதி கேட்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். "கார்டுல வலைக்கு வராது, மிச்சத்தைக் கட்டுங்க" என்று அட்மிஷன் அன்று சொல்வது பழக்கம்.

இனி அட்டை. ரேஷன் கார்டில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீட்டு அட்டையிலும் பெயர் வராது. புதிதாகக் கல்யாணமான பையன்கள் இதில்தான் விழுகிறார்கள். அப்பா கார்டில் நீக்கியாயிற்று, புதுக் கார்டு இன்னும் வரவில்லை, நடுவில் பைக் விபத்து. பெயர் சேர்க்க ஆகும் நாட்கள் நம் கையில் இல்லை, அதனால் டிஸ்சார்ஜ் ஆன வாரமே விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றில் இன்னொரு பொறி. முன்பு பேங்க் லோனுக்காக வருமானத்தைக் கூட்டி வாங்கிய பழைய சான்றைக் கொடுத்தால் 1,20,000 தாண்டிப் போய்விடும். உண்மை வருமானத்துக்கு வி.ஏ.ஓ. மூலம் புதிதாக வாங்குங்கள். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு 'ச'வுக்காக இரண்டு நடை.

சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம்காரர்கள் இன்னும் பஸ் ஏறித் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு வருகிறார்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது. அட்டை பதியும் இடம் உங்களுக்குத் தென்காசி கலெக்டர் ஆபீஸ். மதியம் வரை வரிசையில் நின்றபின் இதைக் கேட்டுத் திரும்புவது கொடுமை.

தனியார் ஆஸ்பத்திரி என்றால் வாசலில் காப்பீட்டுத் திட்டப் பலகை இருப்பது போதாது. அந்த ஆஸ்பத்திரி நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு அனுமதி பெற்றதா என்று 1800 425 3993 எண்ணில் கேளுங்கள். காப்பீட்டு அனுமதி வருமுன் முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ரசீது இல்லாத பணத்துக்குப் பிறகு எந்தப் புகாரும் நிற்காது. முதல் சி.டி. படம், டிஸ்சார்ஜ் சம்மரி, ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) காப்பி மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். அசலை யாரிடமும் விட்டுவராதீர்கள்.

சாலை விபத்து என்றால் நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் 1 முதல் சட்டம். எலும்பு வைத்தபின் பார்க்கலாம் என்று இருந்தால் அந்தக் கெடு ஓடிவிடும். மனுவில் இரண்டாவது ஆபரேஷனையும் வருங்கால மருத்துவச் செலவாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குள் சமரசம் பேசி ஒரு தொகை தருகிறேன் என்று யாராவது வந்தால், தலையில் எலும்பு ஏறும்வரை கையெழுத்து வேண்டாம்.