வைஃபை கோடுகள் நிறைந்திருக்கின்றன, இணையம் எங்கே?

சென்ற வாரம் ஒரு பெரியவர் தம் கைபேசியை என் மேசைமீது வைத்து, "எல்லாவற்றையும் அழித்துப் பார்த்துவிட்டேன் தம்பி, அப்படியும் நெட் வரவில்லை" என்றார். எல்லாவற்றையும் என்று அவர் சொன்னதில் மிகை எதுவும் இல்லை. யாரோ சொன்ன யோசனையைக் கேட்டுக் கைபேசியை ஃபேக்டரி ரீசெட் செய்திருந்தார். வேறெங்கும் படியெடுத்து வைக்காத ஆறாண்டுப் படங்களும் குரல்பதிவுகளும் அதோடு போய்விட்டன. எங்கள் வைஃபையில் இணைத்த மறுநொடியே அந்தக் கைபேசியில் இணையம் வந்தது. வீட்டு ரவுட்டரில் எந்த நிறத்தில் விளக்கு எரிகிறது என்று மகளிடம் கேட்கச் சொன்னேன். சிவப்பு என்று பதில் வந்தது. அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்னால் செல்லும் ஃபைபர் கேபிள் மடங்கி நசுங்கியிருக்கிறது. ஒரே மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காமவர் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அழிந்த படங்களை மீட்க முடியாதா என்று அவர் கேட்டார். முடியாது என்று சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. இன்றைய கைபேசிகளில் தகவல்கள் மறைகுறியாக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன. ரீசெட் செய்யும்போது அவற்றைத் திறக்கும் சாவியே அழிந்துவிடுகிறது. மீட்டுத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களிடம் இதற்கு மேலும் எதையும் இழக்காதீர்கள்.

"வைஃபை கோடு முழுசாக இருக்கிறதே, பிறகு ஏன் நெட் வரவில்லை?" என்ற கேள்வியைக் கேட்காமல் எனக்கு ஒரு நாளும் கழிவதில்லை. அந்த விசிறி வடிவக் குறி உங்கள் கைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள ரேடியோத் தொடர்பை மட்டுமே அளந்து காட்டுகிறது. ரவுட்டருக்கு அப்பால் கேபிள் அறுந்திருக்கலாம், சேவை நிறுவனத்தின் கருவி செயலிழந்திருக்கலாம், நீங்கள் கட்ட வேண்டிய சந்தா தவறிப்போயிருக்கலாம்; இவற்றில் எது நடந்தாலும் கோடுகளில் ஒன்றுகூடக் குறையாது. குழாய் இலகுவாகத் திறக்கிறது என்பதால் மேல்தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்று ஆகிவிடுமா? நம்ப மறுப்பவர்களுக்கு இதை நான் நேரில் செய்தே காட்டுகிறேன். என் மேசையிலுள்ள ரவுட்டருக்கு வரும் இணையக் கேபிளைக் கழற்றிவிட்டுக் கைபேசியை அவர்கள் கையில் கொடுப்பேன். கோடுகள் முழுமையாகவே இருக்கும், எந்தப் பக்கமும் திறக்காது. சில கைபேசிகள் அந்தக் குறியின் அருகே சிறிய ஆச்சரியக்குறியைக் காட்டி எச்சரிக்கின்றன. அதைக் கவனிப்பவர்கள் அரிது.

மொபைல் சிக்னலின் கோடுகளும் முழு நம்பிக்கைக்கு உரியவை அல்ல. எத்தனை வலிமைக்கு எத்தனை கோடுகள் என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. 2010-ஆம் ஆண்டில் ஐபோன் 4 குறித்துப் புகார்கள் எழுந்தபோது, கோடுகளைக் கணக்கிடும் தங்கள் சூத்திரமே முற்றிலும் தவறாக இருந்தது என்று ஆப்பிள் நிறுவனம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. சிக்னல் வலிமையின் உண்மையான அளவு டிபிஎம் (dBm) என்ற அலகில் எதிர்ம எண்ணாக இருக்கும். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் 'கைபேசியைப் பற்றி' என்ற பகுதியின் சிம் நிலவரத்தில் அதைப் பார்க்கலாம். ஐபோனில் *3001#12345#* என்ற எண்ணை அழைத்தால் அதற்கான திரை திறக்கும். 4ஜி வலையமைப்பில் −90-ஐ ஒட்டியோ அதைவிட மேலாகவோ இருந்தால் நல்லது. −110-க்குக் கீழே இறங்கினால் தடுமாற்றம் தொடங்கும். இந்த எண்ணில் பத்து குறைந்தால் சிக்னலின் திறன் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள், ஆகவே −80-க்கும் −110-க்கும் இடையே இருப்பது ஆயிரம் மடங்கு வேறுபாடு. சிக்னல் வலுவாக இருந்தும் வேகம் வராவிட்டால், ஒரே டவரை மிகப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று கொள்ளலாம். அதற்கு உங்கள் கைபேசியில் மருந்து இல்லை. கைபேசியின் பின்னால் ஒட்டினால் சிக்னல் பெருகும் என்று விற்கப்படும் ஒட்டிகளும், அதே வாக்குறுதி தரும் செயலிகளும் வெறும் ஏமாற்று. அனுமதி பெறாத சிக்னல் பூஸ்டர் கருவிகளோ ஏமாற்றையும் தாண்டி, அக்கம்பக்கத்தார் அனைவரின் சேவையையும் கெடுக்கக்கூடியவை. பல நாடுகளில் அவற்றைப் பொருத்துவது சட்டப்படி குற்றம்.

எதையும் தொடுவதற்கு முன்னால் பழுது எந்தக் கண்ணியில் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். இதற்கு ஐந்து நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். அதே வைஃபையில் இன்னொரு கைபேசியை இணைத்துப் பாருங்கள்; அதிலும் இணையம் இல்லையென்றால் உங்கள் கைபேசி நிரபராதி. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் முயன்று பாருங்கள். அதில் வருகிறதென்றால் ரவுட்டரையோ அதற்கு வரும் இணைப்பையோ சந்தேகியுங்கள். மொபைல் சேவையே இல்லையென்றால் உங்கள் சிம்மை வேறொரு கைபேசியில் போட்டுப் பாருங்கள். கணினியின் ஐபி முகவரி (வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்) 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் அதற்கு முகவரியே வழங்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஃபைபர் இணைப்பில் எல்.ஓ.எஸ். என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி உள்ளே வரவில்லை. அது சேவை நிறுவனத்தின் வேலை. கழன்ற ஃபைபரின் முனையைக் கண்ணருகே வைத்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்கவே பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

அடுத்தது, ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. இதை எத்தனை முறை சொன்னாலும் தொலைபேசியில் "ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்று நான் சொன்ன மறுகணம், பின்புறத்து ஊசித்துளையில் ஊசியைச் செருகிவிடுகிறார்கள். மின்சாரத்தை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் போடுவதுதான் ரீஸ்டார்ட். அதனால் எதுவும் அழியாது. ஊசித்துளைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், சேவை நிறுவனம் பதித்துவைத்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்தே அழிந்துவிடக்கூடும். பிறகு வேலைசெய்யும் இணைப்பையும் இழந்து பணியாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கைபேசியிலும் இப்படியே. விமானப் பயன்முறையைப் பத்து நொடி போட்டு எடுத்தால் அது டவரில் புதிதாகப் பதிவுசெய்துகொள்ளும், பாதிச் சிக்கல்கள் அங்கேயே தீரும். நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் ரீசெட் செய்தால் வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் போகும், படங்கள் போகா. ஃபேக்டரி ரீசெட் இந்த வரிசையிலேயே சேராது.

கைபேசியிலேயே பழுது என்று உறுதியானால், பெரும்பாலும் காரணம் அற்பமானதாக இருக்கும். தேதியும் நேரமும் பிழையாக இருந்தால், இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியானவை என்று கைபேசி முடிவுகட்டி எதையும் திறக்க மறுக்கும். இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியே திருப்பிவிடும், எப்போதோ நிறுவி மறந்த விபிஎன் செயலி, பயணத்தின்போது கையால் தேர்ந்தெடுத்து அப்படியே விட்ட நெட்வொர்க், அணைந்து கிடக்கும் மொபைல் டேட்டா ஆகியவற்றையும் பாருங்கள். டேட்டா நன்றாக வந்து அழைப்பு மட்டும் போகாவிட்டால் வோல்ட்டி (VoLTE) அமைப்பை, அதாவது அழைப்பையும் 4ஜி வழியாகவே கொண்டுசெல்லும் வசதியைச் சோதியுங்கள். 4ஜி என்பது அடிப்படையில் தரவுக்கான வலையமைப்பு. வோல்ட்டி இல்லாத கைபேசி அழைப்புக்காகப் பழைய 2ஜி, 3ஜி வலையமைப்புகளைத்தான் நாடும், அவை பல நாடுகளில் மூடப்பட்டு வருகின்றன.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதில் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. இரும்பு அலமாரிக்குள்ளும், மீன்தொட்டிக்குப் பின்னாலும், மைக்ரோவேவ் அடுப்பின் பக்கத்திலும் வைக்காதீர்கள். அந்த அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளில் இயங்குவது, உங்கள் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் அதே இடம்தான். வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும். அடுத்த வீடுகளின் வைஃபை நெரிசல் மிகுந்திருந்தால், 2.4 பட்டையில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் காலியாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரேயொரு நிலைமையில் மட்டும் நிதானமாகச் சோதித்துக்கொண்டிருக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சுற்றியிருப்பவர்களின் அதே நிறுவனச் சிம்கள் நன்றாக இயங்கும்போது உங்கள் கைபேசி மட்டும் திடீரென்று 'சேவை இல்லை' என்று காட்டி, ரீஸ்டார்ட் செய்தும் அப்படியே இருந்தால், உங்கள் எண்ணுக்கு வேறொருவர் மாற்றுச் சிம் வாங்கியிருக்கக்கூடும். அந்த நேரத்தில் உங்கள் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொற்கள் அவர் கைக்குப் போய்க்கொண்டிருக்கும். உடனே வேறு கைபேசியிலிருந்து சேவை நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள். சிம் வெறுமனே பின் எண் கேட்கிறதென்றால் அது வேறு விஷயம். அங்கே ஊகித்து விளையாடாதீர்கள். மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் பியூகே (PUK) எண்ணைக் கேட்கும், அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும்.

புகார் செய்ய நேர்ந்தால், எந்த அறையில், எந்த நேரத்தில், மற்றக் கருவிகளில் வருகிறதா, விளக்கு எந்த நிறம், அழைப்பா டேட்டாவா என்று குறித்துக்கொண்டு பேசுங்கள். "நெட் வரவில்லை" என்ற இரண்டு சொற்களை மட்டும் கேட்டால், மறுமுனையில் இருப்பவரும் கையில் உள்ள எழுத்துப்படியைப் பார்த்து ரீசெட் செய்யுங்கள் என்றுதான் சொல்வார். அப்போது, எதை ரீசெட் செய்யச் சொல்கிறீர்கள், அதனால் என்னென்ன அழியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பொத்தானில் விரலை வையுங்கள்.