ஜவாப்தாரி

ரயில் நிலையத்து இருசக்கர வாகன நிறுத்தத்தில் ஒரு சீட்டுத் தருவார்கள். இளஞ்சிவப்பு நிறம், விரல் நீளம். மேலே வரிசை எண், நடுவில் பாதி அழிந்த தேதி முத்திரை. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘ஹெல்மெட், பெட்ரோல், உதிரி பாகங்கள் காணாமல் போனால் நிர்வாகம் ஜவாப்தாரி அல்ல.’ அதைப் படிக்கிறவர் குறைவு. படித்தாலும், ‘பொறுப்பல்ல’ என்பதைத்தான் பழைய பாணியில் அச்சடித்திருக்கிறார்கள் என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வோம். இரண்டும் ஒன்றல்ல.

‘ஜவாப்’ அரபுச் சொல்; மறுமொழி என்று பொருள். ‘தார்’ பாரசீக விகுதி, உடையவர், வைத்திருப்பவர். ஜமீன்தாரிலும் மிராசுதாரிலும் இருக்கும் அதே தார். ஆக, ஜவாப்தார் என்றால் பதில் சொல்ல வேண்டியவர். கடைசியில் ஓர் இகரம் சேர்ந்தால் அது ஆளை விட்டு அவருடைய கடமையைக் குறிக்கும். மராத்தியும் கன்னடமும் அப்படியே வைத்துக்கொண்டன. தமிழில் சொல் சறுக்கி, திரும்பவும் ஆள்மேலேயே வந்து விழுந்துவிட்டது: ‘அதற்கு நான் ஜவாப்தாரி இல்லை.’ தெலுங்கிலும் இதே கதைதான். அங்கே கடமையைச் சொல்ல ‘ஜவாபுதாரீதனம்’ என்று இன்னொரு வால் தேவைப்பட்டது. (ஜவாப் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு நாம் எழுதும் ‘பதில்’ மட்டும் என்னவாம்? அதுவும் அரபு ‘பதல்’ வழி வந்ததுதான்.)

பொறுப்பு வேறு வேரிலிருந்து வருவது. பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். தூண் கூரையைப் பொறுக்கிறது. நட்டம் வந்தால் சுமப்பவன் பொறுப்பாளி; யாராவது கேட்டால் வாய் திறந்தாக வேண்டியவன் ஜவாப்தாரி.

பிறர் எழுதுவதையும் விற்பதையும் தன் தளத்தில் இடம்பெற விடுகிறவருக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. 2004இல் ஓர் ஏல இணையதளத்தில் யாரோ ஒருவர் ஆபாசக் காணொளியை விற்பனைக்கு வைத்தார். தளத்தின் தலைமை அதிகாரி டெல்லியில் கைதானார். விற்றவர் ஒருவர், சுமந்தவர் இன்னொருவர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு 2008இல் திருத்தப்பட்டபோது, இத்தகைய இடையீட்டாளர்களுக்கு நிபந்தனையோடு கூடிய பாதுகாப்பு கிடைத்தது. பதிவைத் தானே தொடங்கியிருக்கக் கூடாது, திருத்தியிருக்கக் கூடாது, சட்டவிரோதமானது என்று அறிந்தபின் நீக்காமல் இருக்கக் கூடாது. ‘அறிந்தபின்’ என்றால் எப்போது? கோபத்தில் ஒருவர் அனுப்பும் கடிதம் போதுமா? போதாது, நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வர வேண்டும் என்று 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

சுமை இறங்கியது. பதில் சொல்லும் வேலை இறங்கவில்லை. அதே சட்டத்தின்கீழ் வந்த 2021ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு தளமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றன. புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் ஒப்புகை, 15 நாட்களுக்குள் தீர்வு என்று கெடு வைத்தன. அதாவது, தளம் நடத்துபவர் பொறுப்பாளியாக இல்லாமல் போகலாம், ஜவாப்தாரியாக இல்லாமல் போக முடியாது. நம் சீட்டு இதைத் தலைகீழாக அச்சடித்திருக்கிறது.

அச்சடித்துவிட்டால் மட்டும் தப்பிவிட முடியுமா? டெல்லியில் ஒரு நட்சத்திர ஹோட்டல் 1998இல் விருந்தினரின் மாருதி ஜென் காரைச் சாவியோடு வாங்கி நிறுத்தியது. வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நிறுத்துவது உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் என்று சீட்டில் இருந்ததைக் காட்டியது ஹோட்டல். காரைத் தன் வசம் வாங்கிய பிறகு, தன் ஊழியரின் கவனக்குறைவுக்குச் சீட்டு வாசகத்தைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

இந்த வாசகங்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியா வைத்திருக்கும் பெயர் ‘பொறுப்புத் துறப்பு’. நல்ல பெயர், சற்றுக் குறும்பானதும்கூட: இருந்தால்தானே துறக்க முடியும்? ஜவாப்தாரிக்கு ஈடாகப் பலர் ‘பொறுப்பு’ என்றே எழுதி இரண்டையும் குழப்புகிறார்கள். ‘பொறுப்புடைமை’ என்பதும் சுமையோடு நின்றுவிடுகிறது. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் நாள்தோறும் புழங்கும் ‘பொறுப்புக்கூறல்’தான் எனக்குப் பிடித்தது, அதில் ‘கூறல்’ இருக்கிறது, ஜவாப் இருந்த இடத்திலேயே.

அந்த 2021 விதிகளில் 2022 அக்டோபரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தளங்கள் தம் பயன்பாட்டு விதிமுறைகளை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளிலோ பயனர் விரும்புவதில் அளிக்க வேண்டும். தமிழும் அந்த அட்டவணையில் இருக்கிறது. எழுதச் சொன்னால் நான் இப்படித் தொடங்குவேன்: ‘இங்கே எழுதுவதற்கு எழுதியவரே பொறுப்பு. முறையிட்டால் பதில் சொல்வது எங்கள் கடமை.’