பெட்டி கட்டிய பிறகு ஒரு கடைசி நீச்சல்

பார்படோஸிலிருந்து லண்டன் போகும் விமானங்கள் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோதான் கிளம்பும். விடுதி அறையைக் காலை 11 மணி வாக்கில் காலி செய்துவிட வேண்டும். பெட்டிகளை வரவேற்பறையில் ஒப்படைத்துவிட்டு டாக்சிக்குக் காத்திருக்கும் அந்த நான்கைந்து மணி நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. கடலோ எதிரிலேயே கிடக்கிறது. போவதற்குள் இன்னொரு முறை இறங்கிவிட்டு வரலாமே என்று யாருக்கும் தோன்றும்.

இந்தத் தீவில் ஒன்பது வருடங்களாக அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கடலிலிருந்து நேராக எங்களிடம் கொண்டுவரப்படுகிறவர்களிடம் "ஊருக்கு எப்போது திரும்புகிறீர்கள்?" என்று கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. "இன்றைக்குத்தான்" என்ற பதிலைப் பல முறை கேட்டிருக்கிறேன். இதை எண்ணிக்கையாக நிரூபிக்க என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. ஆனால் விடுமுறையின் கடைசி நாளைப் பற்றித் தனியாக எழுதியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றக் காரணம் அந்தப் பதில்தான்.

ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள். கணவருக்கு 63 வயது, மனைவிக்கு அதைவிட இரண்டு மூன்று குறைவு. பத்து நாள் விடுமுறை. தினமும் கார்லைல் விரிகுடாவில் ஸ்நார்க்கலிங், அதாவது ஸ்நார்க்கல் என்ற குழாயால் மூச்சு விட்டபடி, முகத்தை நீருக்குள் வைத்து மிதந்து பார்ப்பது. பிரிட்ஜ்டவுனை ஒட்டிய அந்த விரிகுடாவில் ஆமைகள் வரும். கடலின் அடியில் மூழ்கிய கப்பல்கள் கிடக்கின்றன. 1919இல் மூழ்கிய 'பெர்வின்' என்ற இழுவைக் கப்பல் அவற்றில் ஒன்று. அதிக ஆழத்தில் இல்லாததால் மேலே மிதந்துகொண்டே பார்க்கலாம். பத்து நாளில் அதை நான்கு முறை பார்த்துவிட்டார்கள். ஐந்தாவது முறை பார்க்கத்தான் அன்று இறங்கினார்கள்.

முந்தின இரவு வழியனுப்பு விருந்து, ரம் பஞ்ச், நான்கு மணி நேரத் தூக்கம். காலையில் அவசரமாகப் பெட்டி கட்டியபோது ரத்த அழுத்த மாத்திரையும் பெட்டிக்குள் போய்விட்டது. விமானத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். சொந்த மாஸ்க்கும், நீந்தக் காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸும்கூடப் பெட்டிக்குள்தான். அதனால் கடற்கரையில் கிடைத்த ஒரு ஸ்நார்க்கலை இரவல் வாங்கிக்கொண்டு இறங்கினார். ஃபின்ஸ் இல்லை.

கரையிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. ஓர் ஆமை தென்பட்டது. அதன் பின்னாலேயே கொஞ்ச நேரம் வேகமாக நீந்தினார். பிறகு தலையை உயர்த்தி மனைவியிடம், "மூச்சு சரியாக வரவில்லை" என்றார். இருமல் வந்தது. கைகால் ஓய்ந்துபோனது போலிருந்ததாம். அந்த அம்மா அப்போது செய்ததுதான் அவரைக் காப்பாற்றியது. ஸ்நார்க்கலை வாயிலிருந்து பிடுங்கினார், கணவரை மல்லாக்கத் திருப்பினார், ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டு மறு கையை உயர்த்திக் கத்தினார். ஜெட் ஸ்கீ வைத்திருந்த ஓர் இளைஞர் பார்த்துவிட்டு வந்து அவரைக் கரை சேர்த்தார்.

எங்களிடம் வந்தபோது அவருடைய ரத்தத்தில் ஆக்சிஜன் வெறும் 84 சதவீதம்தான். இருமும்போது இளஞ்சிவப்பு நுரை வந்தது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இரண்டு பக்கமும் தலைமுடியை விரலிடையில் உரசுவது போன்ற சத்தம். "தண்ணீர் குடித்துவிட்டீர்களா?" என்று கேட்டேன். "ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை" என்றார். மனைவியும் அதையேதான் சொன்னார்.

அந்தப் பதிலை நம்ப வேண்டும். நம்பாமல், மூழ்கித் தண்ணீர் குடித்தவர் என்றோ, பயந்துபோனவர் என்றோ முடிவுகட்டி விடுவது எளிது. என் ஆரம்ப வருடங்களில் நானும் அப்படி நினைத்திருக்கிறேன். அவருக்கு வந்தது, நீரில் மூழ்கியிருக்கும் நிலையிலேயே நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஒரு நிலை. மருத்துவத்தில் இம்மர்ஷன் பல்மனரி எடிமா என்பார்கள். அந்த நீர் கடலிலிருந்து வருவதில்லை, நம் ரத்தத்திலிருந்தே கசிகிறது. 1989இல் பிரிட்டனின் பீட்டர் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் குழுவினர் இதைப் பற்றி எழுதியபோது குளிர்ந்த நீரோடு சேர்த்தே பேசினார்கள். வெதுவெதுப்பான கரீபியன் கடலில் இது நேரும் என்று பலருக்கு, மருத்துவர்களுக்குக்கூட, சட்டென்று தோன்றாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எப்படி நடக்கிறது? நிற்கும்போது நம் ரத்தத்தில் ஒரு பகுதி கால்களில் தங்கியிருக்கும். கழுத்தளவு தண்ணீருக்குள் போனால் நீரின் அழுத்தம் அதை மேலே தள்ளுகிறது. அரை லிட்டருக்கும் கூடுதலான ரத்தம் நெஞ்சுக்குள் வந்து சேரும். குளத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் சிறுநீர் முட்டுகிறதே, அதற்கும் இதுதான் காரணம்: உடம்பில் நீர் அதிகமாகிவிட்டதாக எண்ணிக்கொண்டு சிறுநீரகம் வெளியேற்றப் பார்க்கிறது. ஆரோக்கியமான இதயம் இந்தக் கூடுதல் பாரத்தைச் சமாளித்துவிடும். பல வருட ரத்த அழுத்தத்தால் சுவர் தடித்துப்போன இதயம் திணறும். நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறும்.

இதோடு ஸ்நார்க்கல் சேர்கிறது. இளநீர் குடிக்கும்போது ஸ்ட்ராவில் வழுக்கை அடைத்துக்கொண்டால் கன்னம் ஒட்டிப்போகும்படி உறிஞ்சுவோம் இல்லையா? குறுகலான குழாயும், தண்ணீர் புகாமலிருக்க வைத்த வால்வுகளும் உள்ள ஸ்நார்க்கலில் வேகமாக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் நடப்பதும் அதுதான். அந்த உறிஞ்சும் விசை, ஏற்கெனவே பிதுங்கி நிற்கும் நுண்குழாய்களிலிருந்து நீரை நுரையீரலின் காற்றறைகளுக்குள் இழுத்துவிடுகிறது. நிதானமாக மிதந்தால் பெரிதாகத் தெரியாது. ஆமையைத் துரத்தும்போது மூச்சின் வேகம் கூடும், உறிஞ்சலும் கூடும், கசிவும் கூடும். மூச்சு திணறத் திணற இன்னும் பலமாக இழுப்போம். சுழல் மாதிரிதான்.

ஹவாய் தீவுகளில் ஸ்நார்க்கல் விபத்துகளை ஆராய்ந்த குழுவும் மூன்று காரணங்களை முன்வைத்தது: குழாய் மூச்சுக்குக் கொடுக்கும் தடை, ஏற்கெனவே இருக்கும் இதயக் கோளாறு, உடலை வருத்தி நீந்துவது. அனுபவம் உள்ளவர்களுக்கும் இது நேர்கிறது, பெரும்பாலும் தண்ணீர் குடித்ததால் தொடங்குவதில்லை என்பதையும் அவர்கள் கவனித்திருக்கிறார்கள். 'எனக்கு நன்றாக நீந்தத் தெரியும்' என்பது இதற்குப் பாதுகாப்பு இல்லை.

இப்போது கடைசி நாளை யோசித்துப் பாருங்கள். பத்து நாள் வெயிலிலும் உப்பிலும் அடிபட்ட உடம்பு. தூக்கக் குறைவு. முந்தின இரவின் மது. பெட்டிக்குள் போன மாத்திரை. இரவல் குழாய், ஃபின்ஸ் இல்லாத கால்கள். அந்த ஒரு வேளை மாத்திரையை விட்டதால்தான் அவருக்கு இது வந்தது என்று சொல்ல மாட்டேன். எல்லாம் ஒரே காலையில் வந்து கூடிக்கொண்டன என்பதுதான் விஷயம். மனதோ நேர்மாறாக இருக்கும்: இந்தக் கடல் இப்போது பழகிவிட்டது, நான்கு முறை பார்த்த கப்பல், இனி எப்போது வருவோமோ. முதல் நாள் இடுப்பளவு நீரில் தயங்கி நின்றவர்கள்தான் கடைசி நாள் யோசிக்காமல் நேரே ஆழத்துக்குப் போகிறார்கள்.

தம்பதிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேறொரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. "மூன்று மீட்டர் தூரத்தில்தான் இருந்தேன் டாக்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் ஆமையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் முகம் குப்புற அசையாமல் மிதந்துகொண்டிருந்தார். ஸ்நார்க்கல் செய்கிறவர் எல்லோருமே முகம் குப்புற அசையாமல்தான் மிதப்பார்கள். அந்தப் பெண்ணின் மேல் எந்தத் தவறும் இல்லை. இரண்டு பேரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவருக்கொருவர் துணையாக மாட்டார்கள் என்பது அன்றுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கணவரை எங்களால் மீட்க முடியவில்லை.

அதனால் நான் இப்போது கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வது, ஆள் மாற்றி ஆள் பாருங்கள் என்பதுதான். ஒருவர் கீழே பார்க்கும்போது மற்றவர் தலையை நீருக்கு மேல் வைத்து அவரையே கவனிக்கட்டும். சில நிமிடத்துக்கு ஒரு முறை தோளைத் தொட்டு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து 'சரி' என்று காட்டச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் உடனே ஆளைத் திருப்புங்கள். கால் தரையில் ஊன்றும் ஆழத்திலேயே இருந்தால் இன்னும் நல்லது. ஆமைகள் ஆழமில்லாத நீருக்கும் வரும், துரத்த வேண்டியதில்லை.

மூச்சு வாங்குகிறது என்று தோன்றிய அந்தக் கணம் முக்கியம். கொஞ்சம் பொறுத்தால் சரியாகிவிடும் என்று குழாயைக் கடித்துக்கொண்டே நீந்தாதீர்கள். குழாயை வாயிலிருந்து எடுங்கள், மல்லாக்கத் திரும்புங்கள், கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க் என்றால் அதைக் கழற்றும் முறையைக் கரையிலேயே பழகியிருக்க வேண்டும். திணறும்போது வார் எங்கே இருக்கிறது என்று தேட முடியாது. கரைக்கு வந்ததும் படுக்க வைக்காதீர்கள். நினைவோடு இருப்பவரை உட்கார வையுங்கள், உட்கார்ந்தால்தான் மூச்சு விட எளிதாயிருக்கும். நினைவும் மூச்சும் இல்லையென்றால் உடனே வாயோடு வாய் மூச்சும் நெஞ்சை அழுத்துவதும் தொடங்க வேண்டும். பார்படோஸில் ஆம்புலன்ஸ் எண் 511. கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டாமல் விமானம் ஏறக் கூடாது. விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் கிட்டத்தட்ட 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போன்ற அளவுக்குக் குறையலாம். ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த நுரையீரலோடு எட்டு மணி நேரத்துக்கும் மேல் அங்கே உட்கார்ந்திருப்பது ஆபத்து.

விமானம் என்றதும் இன்னொன்று. ஸ்நார்க்கல் செய்துவிட்டு அன்றே பறந்தால் ரத்தத்தில் குமிழி வருமா என்று பலர் கேட்கிறார்கள். மேற்பரப்பில் மிதந்து பார்ப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் கடைசி நாளில் 'சிலிண்டர் கட்டி ஒரு முறை மட்டும்' என்று ஸ்கூபா போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால்கூட 12 மணி நேரமாவது, பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் 18 மணி நேரமாவது கழித்துத்தான் பறக்க வேண்டும் என்பது டைவ் மருத்துவர்களின் பரிந்துரை. மாலையில் விமானம் என்றால் காலையில் டைவ் கூடாது.

முதுகும் முழங்காலின் பின்பக்கமும் வெயிலில் வெந்து, விமான இருக்கையில் சாய முடியாமல் தவிப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். கையுள்ள பழைய டிசர்ட் போட்டுக்கொண்டு நீந்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். அப்புறம், கடற்கரையில் மான்சினீல் என்ற மரம் நிற்கும். பலவற்றின் அடிமரத்தில் சிவப்புப் பட்டை தீட்டியிருக்கும், சிலவற்றில் எச்சரிக்கைப் பலகையும் உண்டு. திடீர் மழைக்கு அதன் கீழ் ஒதுங்காதீர்கள். இலையிலிருந்து சொட்டும் நீர் பட்டாலே தோல் கொப்பளிக்கும். சின்ன ஆப்பிள் போன்ற அதன் பழத்தைக் கடித்துப் பார்க்கவே கூடாது.

அந்த 63 வயதுக்காரருக்கு முகத்தில் இறுக்கமான மாஸ்க் பொருத்தி அழுத்தத்தோடு ஆக்சிஜன் கொடுத்தோம். மாரடைப்பு இல்லை என்று ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து உறுதி செய்தோம். அந்த நிலையிலும் மாஸ்க்கை விலக்கி விலக்கி, விமானத்துக்கு இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி தொலைபேசியில் டிக்கெட்டை மாற்றிவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் மாலைக்குள் எக்ஸ்ரே ஏறக்குறையத் தெளிந்துவிட்டது. இந்த நோயில் அப்படித்தான், நீரிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் சரியாகிவிடும். இதயத்தை ஒலி அலைகளால் படம் பிடிக்கும் எக்கோ எடுத்துப் பார்த்தபோது இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. ரத்த அழுத்தம் பல வருடங்களாகச் சரியான கட்டுப்பாட்டில் இல்லை என்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

நான்காம் நாள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் இருவரும் என்னைப் பார்க்க வந்தார்கள். இனி ஸ்நார்க்கல் செய்யலாமா என்று கேட்டார். ஒரு முறை வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு உண்டு, ஊரில் இதய மருத்துவரைப் பார்த்து அவர் சொல்லும்வரை வேண்டாம் என்றேன். "இடுப்பளவு தண்ணீரில் நிற்கலாமா?" என்றார். நிற்கலாம் என்றேன். அந்த அம்மா கைப்பையைத் திறந்து மாத்திரைப் பெட்டியை எனக்குக் காட்டினார். அன்றைய மாத்திரையை எடுத்திருந்தார்கள்.