ஏலத்தில் மலிவாகக் கிடைக்கும் எம்ஜிபி: கையைத் தூக்குவதற்கு முன் கீழே குனிந்து பாருங்கள்

இங்கிலாந்தின் பழைய கார் ஏலங்களில் எம்ஜிபி அடிக்கடி கண்ணில் படும். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை இந்த ஸ்போர்ட்ஸ் கார் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. உதிரி பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. அதனால், ஓடாத ஒன்று குறைந்த விலைக்கு வரும்போது, "இன்ஜினைச் சரிசெய்து பெயிண்ட் அடித்தால் போதும்" என்ற நினைப்பில் பலர் வாங்கிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் பழைய கார்களைச் சீரமைக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த நினைப்பில்தான் பணம் போகிறது.

இன்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. நம் ஊர் பெட்ரோல் அம்பாசடரில் பல்லாண்டுகள் ஓடிய 1489 சிசி இன்ஜினும் இந்த 1798 சிசி இன்ஜினும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) நிறுவனத்தின் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. முரட்டுத்தனமான, எளிதில் பிரித்துப் பூட்டக்கூடிய இன்ஜின் அது. வண்டியை மலிவாக்குவது பெரும்பாலும் பாடிதான்.

எம்ஜிபிக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. பாடியே பாரத்தைத் தாங்குகிறது. அதிலும் கூரை இல்லாத ரோட்ஸ்டர் வகையில், கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் 'சில்' என்ற பெட்டித் தகடுதான் வண்டி நடுவில் வளையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளித்தகடு, நடுத்தகடு, அடியில் வரும் தகடு எனப் பல அடுக்குகளைக் கொண்ட அந்தப் பெட்டிக்குள் சேறும் ஈரமும் தங்கி, உள்ளிருந்தே துரு அரித்துக்கொண்டு வரும். இங்கே குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அந்த வேலையை விரைவுபடுத்துகிறது. விற்பவர்கள் வெளித்தகட்டை மட்டும் மாற்றியிருப்பார்கள், அல்லது அழுகிய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து, பட்டி பூசிக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருப்பார்கள். பார்வைக்கு எல்லாம் சுத்தமாக இருக்கும்.

ஏலத்துக்கு முந்தைய பார்வை நேரத்தில் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோய், சில்லிலும் சக்கர வளைவுகளின் கீழ்ப்பகுதியிலும் வைத்துப் பாருங்கள். பிடிமானம் சட்டென்று தளரும் இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது என்று கொள்ளலாம். அடுத்து, கதவுக்கும் பின் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே நெருங்கிக் கீழே அகன்றிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறக்க அனுமதித்தால் அதையும் பார்த்துவிடுங்கள். 1974 வரை வந்த வண்டிகளில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் அங்கேதான் இருந்தன; அந்தப் பேட்டரிப் பெட்டிகள் அரித்துப்போயிருந்தால், பக்கத்தில் பின் ஸ்பிரிங் மாட்டும் இடத்தையும் சந்தேகப்பட வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கதவு வாசலின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்து பாடியை இறுக்காமல், பழைய சில்லை ஒருபோதும் வெட்டக் கூடாது. வெட்டிய நொடியில் பாடி தொய்ந்தால், அந்தத் தொய்வோடு சேர்த்தே புதுச் சில்லையும் வெல்டிங் செய்துவிடுவீர்கள். அதற்குப் பிறகு கதவு எந்தக் காலத்திலும் ஒழுங்காக மூடாது. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்து, கதவை மாட்டி மூடிப் பார்த்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். பெட்ரோல் டேங்க் ஓட்டையாக இருந்தால் வெல்டிங் வேண்டாம், புதிதாக வாங்கிவிடுங்கள். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், அந்தத் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதித் தள்ளவும் கூடாது.

நீண்ட நாள் நின்ற இன்ஜினை வாங்கிய அன்றே ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவைத்து, ஸ்பானரால் கையாலேயே மெதுவாகச் சுற்றிப் பார்த்த பிறகு பேட்டரியை இணைக்கலாம். பெட்ரோல் ஹோஸ்களைப் பழசு, புதுசு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் 10% வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரை இளக்கிவிடும், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் வண்டியே எரிந்துபோகும்.

செலவுக் கணக்கு சுத்தியல் விழுந்த தொகையோடு நிற்பதில்லை. அதன்மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன், கமிஷனுக்கு 20% மதிப்புக்கூட்டு வரி (வாட்), லாரி வாடகை எல்லாம் உண்டு. வி5சி பதிவுப் பத்திரம் வண்டியைப் பதிந்து வைத்திருப்பவரைத்தான் காட்டும். உரிமையாளர் யார் என்பதற்கு அது சான்றாகாது. சேஸிஸ் எண்ணை வண்டியிலேயே பார்த்து, பத்திரத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பதிவு எண்ணைக் கொடுத்தால் 2005-க்குப் பிந்தைய எம்ஓடி (வண்டி ஓடத் தகுதியானதா என்று ஆண்டுதோறும் பார்க்கும்) சோதனை விவரங்களை அரசு இணையதளத்தில் பார்க்கலாம். சில்லில் துரு என்று சோதகர் வருடா வருடம் எழுதிவந்து, பிறகு சோதனைக்கே போகாமல் நின்றுவிட்ட வண்டி என்றால், நான் கையைத் தூக்க மாட்டேன்.

நாற்பது ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு 2018 முதல் எம்ஓடி கட்டாயமில்லை. ஆனாலும் ஆபத்தான நிலையில் உள்ள வண்டியை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் உண்டு. ஆகவே நாமாகவே கேட்டு அந்தச் சோதனையைச் செய்துகொள்வதே நல்லது, அதையும் பெயிண்ட் வேலைக்கு முன்பே செய்துவிட வேண்டும். சோதகர் எங்காவது தகட்டை வெட்டி மாற்றச் சொன்னால், ப்ரைமர் நிலையில் இருக்கும் வண்டியில் அது வெல்டிங் செலவோடு முடிந்துவிடும்.