கால்சியம் இறங்கியும் பிடி விடாத தசை

வீட்டில் யாருக்காவது பிரஷர் இருந்தால் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், அம்லோடிபின் என்று போட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அது வேலை செய்வது முக்கியமாக ரத்தக்குழாய்ச் சுவரில். அங்கே வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும் வரியற்ற தசை செல்களுக்குள் கால்சியம் நுழையும் வாசலை அடைக்கிறது. கால்சியம் குறைந்தால் தசை தளரும், குழாய் அகலும், அழுத்தம் இறங்கும். லேசாக அகன்றாலே போதும், ஏனென்றால் ஆரம் இரண்டு மடங்கானால் அதே அழுத்தத்தில் ஓடும் ரத்தம் 16 மடங்காகிவிடும். (சிலருக்குக் கணுக்கால் வீங்குவதும் இதே மாத்திரையால்தான். சிறு தமனிகள் அகலும் அளவுக்குச் சிரைகள் அகலாததால் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது.)

சரி, கால்சியம் எப்படித் தசையை இறுக்குகிறது? பள்ளியில் படித்தது கை கால் தசையின் கதை. ஆக்டின் இழைமேல் ட்ரோபோனின் என்ற புரதம் காவல் இருக்கும், கால்சியம் வந்து ஒட்டியதும் வழி விடும், மயோசின் என்ற இன்னொரு புரதம் போய் ஆக்டினைப் பிடித்து இழுக்கும். ரத்தக்குழாய்த் தசை ட்ரோபோனினை நம்பி இல்லை. இங்கே சுவிட்ச் மயோசின் மீதே இருக்கிறது. 4 கால்சியம் அயனிகள் கால்மோடுலின் என்ற புரதத்தில் ஏறிக்கொள்ள, அது கைனேஸ் என்ற நொதியைத் தட்டி எழுப்ப, அந்த நொதி மயோசின் தலையின் கழுத்தோரம் இருக்கும் சின்னச் சங்கிலியில் ஒரு பாஸ்பேட்டை ஒட்ட, அதற்கப்புறம்தான் இழுப்பு. இத்தனை கை மாறுவதால் கைத்தசையைவிட இது மெதுவானது.

ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்ற பாஸ்படேஸ் என்ற இன்னொரு நொதி உண்டு. என் கணக்கில் இதுதான் கதாநாயகன், ஆனால் பேர் வாங்குவதெல்லாம் கால்சியம். ரோ கைனேஸ் என்ற வேறொரு நொதி பாஸ்படேஸின் கையைக் கட்டிவிட்டால், கால்சியம் துளியும் ஏறாமலே குழாய் இறுகும். மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்ட பிறகு அங்குள்ள குழாய்கள் சுருங்கிக்கொள்வதைத் தடுக்க, ரோ கைனேஸை அடக்கும் ஃபாசுடில் என்ற மருந்துக்கு ஜப்பான் 1995இல் அனுமதி கொடுத்தது. நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ரோ கைனேஸுக்கு நேர் எதிர்: கால்சியத்தை இறக்கி, பாஸ்படேஸையும் முடுக்கிவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை உடலுக்குள் போய் அந்த வாயுவாகத்தான் வேலை செய்கிறது. இவை போக, கால்டெஸ்மான், கால்போனின் என்று இரண்டு புரதங்கள் ஆக்டின் மேல் உட்கார்ந்து மயோசினை அடக்கிப் பிடிக்கின்றன.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு. நிறைகுடத்தை இடுப்பில் வைக்காமல் கையிலேயே தூக்கிப் பிடித்து நில்லுங்கள், ஐந்து நிமிடத்தில் கை நடுங்கும். ரத்தக்குழாய் ஆயுள் முழுக்க இறுக்கிப் பிடித்தபடி இருக்கிறதே, அது ஏன் களைப்பதில்லை? 1981இல் பன்றியின் கழுத்துத் தமனியை வைத்து ஆராய்ந்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். மயோசின் மீதிருந்த பாஸ்பேட் இறங்கிய பிறகும் இழுவிசை அப்படியே நின்றது. கால்சியமும் கூடவே இறங்கிவிடுவது பின்னால் தெரிந்தது. ஆக்டினைப் பிடித்திருக்கும்போதே பாஸ்பேட்டை இழந்த மயோசின் தலை சட்டென்று விடாமல் தாழ்ப்பாள் போட்டதுபோல் மாட்டிக்கொண்டு மெதுவாகத்தான் கழல்கிறது, அது மாட்டியிருக்கும் நேரமெல்லாம் ஏடிபி (செல்லின் எரிபொருள்) செலவு மிகக் குறைவு.