பற்றரி: மின்கலமா, மின்கலவடுக்கா?

திருகோணமலையில் ரோச் லைட்டுக்குப் போடுவதும் பற்றரி, ஆட்டோவில் இருப்பதும் பற்றரி. சூரியமின் திட்டங்களோடு சேர்த்துப் பேசப்படும் கொள்கலன் அளவுப் பெட்டிக்கும் அதே பெயர். பேச்சுக்கு இது போதும். எழுதும்போது எல்லாவற்றையும் 'மின்கலம்' என்று போட்டுவிடுகிறோம், அங்கேதான் பிழைக்கிறது.

சொல் பிறந்தது அடிதடியில். பிரெஞ்சு மொழியில் 'பத்ர்' என்றால் அடித்தல். அதிலிருந்து வந்த 'பத்தரி', எதிரியின் சுவரை அடித்து நொறுக்கும் பீரங்கி வரிசைக்குப் பெயரானது. பிரட்றிக் கோட்டையும் ஒஸ்டன்பேர்க் கோட்டையும் உள்ள திருகோணமலையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்ளின், ஈயத்தகடு பொருத்திய 11 கண்ணாடிகளை ஒன்றாக இணைத்து அந்தத் தொகுதியை 'மின் பற்றரி' என்றார். வரிசையாக நின்று ஒன்றாய்ச் சுடுவது என்ற பொருள் மின்சாரத்துக்கு வந்தது இப்படித்தான். 1800இல் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா இருவகை உலோகத் தட்டுகளை, உப்புநீரில் நனைத்த அட்டையை இடையில் வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மின்சாரம் பெற்றார். அதுவும் பல கலங்களின் அடுக்குத்தான்.

ஆகவே ஒற்றை என்றால் மின்கலம், பல சேர்ந்தால் மின்கலவடுக்கு. ஆட்டோவின் பழைய வகைப் பற்றரிக்குப் 'பற்றரித் தண்ணி' விடும்போது மேலே பாருங்கள், 6 மூடிகள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் சுமார் 2 வோல்ற்றுக் கலம் ஒன்று. 6 சேர்ந்து 12. ரோச் லைட்டுக்குள் போடும் 1.5 வோல்ற்றுக் கட்டை தனியே மின்கலம்தான். இரண்டைச் சேர்த்துப் போட்டால் அடுக்கு.

இன்று கைபேசியில் இருக்கும் லித்தியம் அயன் மின்கலம் ஒரு நாட்டின் சொத்தல்ல. பிரித்தானிய விஞ்ஞானி விட்டிங்ஹாம் அமெரிக்காவில் தொடங்கியதை, அமெரிக்கரான குட்இனஃப் ஒக்ஸ்போட்டில் மேம்படுத்தினார். ஜப்பானில் யோஷினோ பாதுகாப்பாகப் பயன்படுத்தும்படி ஆக்கினார். 1991இல் சோனி விற்பனைக்கு விட்டது. மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு. இன்றைக்கும் லித்தியம் அவுஸ்திரேலியாவிலும் சிலியிலும், கோபால்ற்று கொங்கோவிலும் கிடைக்க, சுத்திகரிப்பில் பெரும்பங்கு சீனாவில் நடக்கிறது. எந்த நாடும் தனியே செய்து முடிக்கிற வேலை இல்லை இது.

2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்ட சம்பூர் 120 மெகாவாற் சூரியமின் திட்டமும் இந்திய இலங்கைக் கூட்டு முயற்சிதான். ஆனால் வெயில் பகலில், நம் மின்தேவை உச்சம் தொடுவது இரவு விளக்கேற்றும் நேரத்தில். இடைவெளியை நிரப்பச் சேமிப்பு வேண்டும். சோடியம் அயன் வகைக்கு லித்தியமே தேவையில்லை, உப்பிலுள்ள சோடியம் போதும். (நிலாவெளி உப்பளத்துக்கு யோகம் என்று துள்ள வேண்டாம், உப்பு எல்லாக் கரையிலும் மலிவு.)

இந்தப் பெரிய அமைப்புகளை 'மின்சேமிப்பு நிலையம்' என்று எழுதலாம் என்பது என் எண்ணம். 'மின்தேக்கி' மட்டும் வேண்டாம். அது வேறு கருவி, ஆங்கிலத்தில் கப்பாசிற்றர். இலங்கைப் பாடநூலில் அதன் பெயர் கொள்ளளவி. வேடிக்கை என்னவென்றால், பிராங்ளின் 'பற்றரி' என்று பெயர் வைத்த கண்ணாடிகள் உண்மையில் கொள்ளளவிகள்தான்.