ஆட்டோ ஏன் அடுத்த தெருவில் நிற்கிறது?

தி.நகர் சந்து ஒன்றில் நின்று ஆப்பில் ஆட்டோ கூப்பிடுகிறீர்கள். "லொகேஷன்லதான் சார் நிக்கிறேன், நீங்க எங்க இருக்கீங்க?" என்கிறார் டிரைவர். அவர் நிற்பதோ அடுத்த தெரு. அவர்மேல் தவறில்லை. உங்கள் போன் அளந்த நேரத்தில் 100 நானோ விநாடி (ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்கு) பிசகியிருந்தால் போதும், இப்படி ஆகும்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோளுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது. 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றியபடி, தான் இருக்கும் இடத்தையும் தன் கடிகார நேரத்தையும் ரேடியோ அலையில் ஓயாமல் ஒலிபரப்புகிறது, அவ்வளவுதான். நேர் மேலே இருக்கும் கோளிலிருந்து அந்த அலை வந்துசேர ஏறக்குறைய 67 மில்லி விநாடி ஆகும். இந்தத் தாமதத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி, போன் தூரத்தைக் கண்டுபிடிக்கிறது. இடத்தைக் குறிக்க மூன்று கோள்களின் தூரம் போதுமே என்று தோன்றும். ஆனால் போனில் இருப்பது மலிவான குவார்ட்ஸ் கடிகாரம். அதன் பிசகையும் சேர்த்துக் கண்டுபிடிக்க நான்காவது கோள் வேண்டும்.

ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. போகும். நெருக்கமான கட்டடங்கள் நேர்வழியை மறைத்துவிட்டால், எதிர்ச்சுவரிலோ கடைக் கண்ணாடியிலோ பட்டுத் தெறித்த அலைதான் போனுக்குக் கிடைக்கும். அது 30 மீட்டர் சுற்றி வந்தது போனுக்குத் தெரியாது. நேராக வந்ததாகவே கணக்குப் போடும். மெரினா மணலில் இந்தத் தொல்லை இல்லை. மேகமூட்டத்தையும் திட்ட வேண்டாம், இந்த அலைக்கு மேகம் ஒரு பொருட்டே அல்ல.

கத்திப்பாரா மேம்பாலத்தில் சிக்கல் வேறு. கோள்கள் எல்லாம் தலைக்கு மேலேதான் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதனால் உயரக் கணக்கில் எப்போதும் பிழை கூடுதல். பாலத்தின் மேலே போகிறீர்களா, கீழேயா என்று மேப் தடுமாறுவது இதனால்தான்.

கோளில் இருப்பது அணுக்கடிகாரம். அங்கே புவியீர்ப்பு குறைவு என்பதால் அது நாளுக்கு 45 மைக்ரோ விநாடி முந்தும். ஓடும் வேகத்தால் 7 பிந்தும். மிச்சம் 38. இதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் தூரக் கணக்கு ஒரே நாளில் 11 கி.மீ. பிசகிவிடும். ஆகவே கடிகாரத்தின் அதிர்வெண்ணைத் தரையிலேயே துளி குறைத்து வைத்து அனுப்புகிறார்கள்.

கடிகாரம் போனால் கோளே போன மாதிரி. ஜிபிஎஸ் போல நம் நாடே அமைத்த நாவிக் வரிசையில் 2013-இல் ஏவிய முதல் கோளுக்கு நடந்தது அதுதான். அதிலிருந்த மூன்று ரூபிடியம் அணுக்கடிகாரங்களும் பழுதாயின. கோள் சுற்றுப்பாதையிலேயே இருந்தும் இடம் காட்ட உதவவில்லை. அந்தக் கடிகாரங்கள் இறக்குமதியானவை. 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்விஎஸ்-01 கோளில்தான் உள்நாட்டில் செய்த ரூபிடியம் கடிகாரம் முதன்முதலாகப் பறந்தது.

சரி, ஆட்டோவுக்கு வருவோம். மேப்பில் உங்கள் புள்ளியைச் சுற்றியுள்ள வெளிர்நீல வட்டம், போனுக்கு இருக்கும் சந்தேகத்தின் அளவு. சந்திலிருந்து தெருமுனைக்கு வந்து, வானம் தெரியும் இடத்தில் அரை நிமிடம் நில்லுங்கள். கோள் தன் இருப்பிட விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறைதான் முழுதாகச் சொல்லி முடிக்கும். நெட் இருந்தால் போன் அதை முன்னதாகவே வாங்கிவிடும். வட்டம் சுருங்கியதும் ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.